காக்கையின் குற்றம் யாது?

அமாவாசை நண்பகலில் ஜார்ஜ் டவுனின் தமிழர் இல்லங்களில், வீட்டார் உண்ணுமுன் ஒரு பிடி சோறு மதிலின்மேல் வைக்கப்படுவதுண்டு. முன்னோர் பெயரால் காக்கை அழைக்கப்படுகிறது. அதே காக்கை மறுநாள் சந்தைக் குப்பையைக் கிளறினால் தொல்லையெனத் தூற்றப்படுகிறது. ஒரே பறவை ஒருநாள் விருந்தாகவும் மறுநாள் பகையாகவும் ஆவது எந்த அறத்தால்?

சாம்பற்கழுத்துடைய இவ்வூர்க்காக்கை மலாயாவின் பழம்பறவையன்று. காப்பித் தோட்டங்களை அழித்த புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி வீழ்ந்தது, ரப்பர் தழைத்தது. காக்கையோ ஊர்களை நாடிப் பெருகியது. மனிதர் வாழாத அடர்காடு அதற்கு வேண்டா. மனிதர் சிந்துவதே அதன் உணவு. கம்பித் துண்டுகளையும் கொண்டு கூடு கட்டும். மாலையில் கூட்டங்கூட்டமாக நகர மரங்களில் அடையும். பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவரும். இத்தீங்கை மறைத்துப் பேசுவது அருளாகாது. மலேசிய நகர்மன்றங்கள் சில, துப்பாக்கியால் சுட்டு அதன் தொகையைக் குறைத்ததும் உண்டு.

குறைக்க வேண்டிய நிலை வரலாம். ஆயின், அதைத் தண்டனை என்பது பொருந்தாது. குற்றம் அறிந்து செய்தார்க்கே உரியது. புழுவைத் தின்னக் கொணர்ந்த பறவை எச்சிலைத் தின்றது. அதன் பசிக்கு இரண்டும் ஒன்றே. கொணர்ந்தவர் மறைந்தனர், அவர்தம் கடமையும் உடன் மறைந்துவிடுமா?

இங்கிலாந்தின் டிரிங் என்னும் ஊரில், 1902இல் வால்டர் ராத்ஸ்சைல்டு என்ற செல்வர் கொணர்ந்த, அணிலையொத்த உறங்கெலி இன்று அவ்வட்டார வீட்டுக் கூரைகளில் புகுந்து மின்கம்பிகளைக் கடிக்கிறது. ஆயினும், உரிமமின்றி அதனைப் பிடிக்கவோ கொல்லவோ அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. வந்தேறி என்பதொன்றே கொல்லப் போதிய காரணமாக அங்கே கொள்ளப்படவில்லை.

மலாயாவின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரும் கடல்கடந்து கொணரப்பட்டனர். மனிதரைப் பறவையோடு நிறுத்துவது தகாது; ஒப்புமையை நீட்ட வேண்டுவதில்லை. எனினும், 'வந்தேறி' என்னும் சொல்லின் சுமையறிந்த தமிழர், அதனை மற்றோர் உயிர்மேல் ஏற்றுமுன் சற்றே தயங்குவர்.

கொன்றாலும், உணவுக் கழிவு குறையாதவரை எஞ்சிய காக்கைகள் மீண்டும் பெருகும். அமாவாசையில் மதிலின்மேல் சோறு வைக்கும் அதே கை, அன்றிரவே மீந்த சோற்றைப் பின்சந்தின் மூடியில்லாத் தொட்டியில் கொட்டுகிறது.