தூய்மையும் உண்மையும்

தெளிவான படமே உண்மையான படம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கண்ணுக்கு இடையூறாக இருப்பதை நீக்கிவிட்டால் உள்ளதை உள்ளவாறே காணலாம் என்று கருதுகிறோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது? மெதுவசைவுப் படங்களிலே தோன்றும் மினுக்கத்தையும் புள்ளிகளையும் கணினியால் அகற்றும் இன்றைய வழக்கம் இவ்வினாவை எழுப்புகின்றது. தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றும் இதனுள் அறம் சார்ந்த வினாவொன்று அடங்கியுள்ளது.

முதலில் இக்குறைகள் எவ்வாறு தோன்றுகின்றன என நோக்குவோம். செக்கனுக்கு 50 சுற்றுக் கொண்ட ஆடலோட்டத்தில் எரியும் சாதாரண விளக்கின் ஒளி, செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நமது கண் அதனை உணர்வதில்லை. ஆனால், செக்கனுக்கு 240 படங்கள் எடுத்து அவற்றை 24 வீதம் ஓட்டும்போது காலம் பத்து மடங்கு நீள்கிறது; அந்த 100 துடிப்புகள் செக்கனுக்குப் பத்தாகித் திரை படபடக்கிறது. அன்றியும், ஒவ்வொரு படமும் ஒளி பெறும் நேரம் ஒரு செக்கனின் 240இல் ஒரு பங்குக்கு மேற்படாது. ஒளி துகள்களாக வந்து சேர்வது. குறைந்த ஒளியில் அவற்றின் வரவு இடத்துக்கிடம் சீரற்றிருப்பது வெளிப்படையாகத் தெரியும். மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றுவது இதனாலேயே.

இவ்விரண்டையும் நீக்கும் முறைகள் ஒரே தன்மையன அல்ல. மினுக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதனை அளந்து, இருண்ட படத்தின் ஒளியை உயர்த்தி, ஒளிர்ந்ததைத் தாழ்த்தினால் விளக்கு சேர்த்ததை மட்டுமே கழித்தவராவோம். புள்ளிகளோ ஒழுங்கற்றவை. அவற்றை நீக்கும் பழைய முறை, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுச் சராசரி காண்பதாகும். பல படங்களில் நிலைத்திருப்பது பொருள், ஒன்றில் மட்டும் தோன்றி மறைவது மாசு என்பது அதன் அடிப்படை. ஆயின், தெறிக்கும் கண்ணாடித் துண்டும் விரலொன்றின் துடிப்பும் கணத்தில் தோன்றி மறைவனவே. அக்கணத்தைக் காண்பதற்கன்றோ மெதுவசைவை நாடினோம்! நாம் தேடியதே மாசென்று துடைக்கப்படலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. வேறு எண்ணற்ற படங்களிற் பெற்ற பயிற்சியைக் கொண்டு, இங்கே இவ்வாறுதான் இருந்திருக்கும் என ஊகித்து வரைகின்றன. ஊகம் பெரும்பாலும் பொருந்தலாம். ஆனால், கண்டதும் ஊகித்ததும் ஒரே பளபளப்புடன் நிற்கையில் அவற்றை வேறுபிரித்தறியப் பார்ப்பவனுக்கு வழியில்லை.

இது வெறும் அழகு பற்றிய பிரச்சினைதானே என்பாரும் உளர். நடனத்தையோ நீர்த்துளியையோ காட்டும் படத்தில் அவ்வாறே இருக்கட்டும். நீதிமன்றத்தில்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலை வழக்கொன்றில், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கப்பட்ட கைப்பேசிப் படத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்பு முன்வைத்தது. 2024இல் நீதிபதி அதனை ஏற்க மறுத்தார். அன்று அக்கருவியை நாடியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். நாளை அரசும் அதனை நாடலாம்.

மெதுவசைவுதானும் நடுநிலையானதன்று. ஒரே நிகழ்ச்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், அது வேண்டுமென்றே செய்யப்பட்டதெனக் கூடுதலாகக் கருதினர் என்று அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சிந்திக்க நேரமின்றிச் செயற்பட்டவனுக்குத் திரை இல்லாத நேரத்தை வழங்கிவிடுகிறது. அதன்மேற் புள்ளிகளையும் துடைத்துவிட்டால், நாம் சரியாகக் காணவில்லை என்பதற்கான அடையாளமும் மறைகிறது. ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே உரியது என்ற நீதி, யாரும் அறியாமலே பறிபோகிறது.

இதற்காகப் புள்ளிகளைப் போற்றவேண்டியதில்லை. அவை உலகத்தின் பகுதியல்ல. நமது பார்வையின் எல்லை. ஆனால், எல்லையை எல்லையென்று காட்டுவதும் உண்மையின் பகுதியே. எனவே, துடைப்பவன் மூலப்படத்தைப் பேணவேண்டும். எதனை, எவ்வாறு மாற்றினான் என்பதையும் சொல்லவேண்டும். மனிதனொருவனின் உயிரோ உரிமையோ தங்கியுள்ள இடத்தில் ஊகத்தைக் காட்சியாக்க எவருக்கும் உரிமையில்லை. தெளிவு விரும்பத்தக்கதே, அறியாததை அறிந்ததாகக் காட்டிப் பெறும் தெளிவு பொய்யேயாகும்.