யாருக்குச் சுகம்?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டிப் பழுத்தவர்களைக் கேளுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியை வளைவில் திருப்பினால் தோள் கழன்றுவிடும். இன்ஜின் சூடு காலைப் பொசுக்கும். ஆனாலும் பழுது வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஸ்பானரும் கைப்பழக்கமும் இருந்தால் வழியிலேயே சரிசெய்து கிளம்பலாம்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான வண்டிகள் வேறு ரகம். ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும். ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் தீர்ந்தாலோ, சென்சார் கெட்டாலோ டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும். சென்சார் கோளாறு என்றால் லேப்டாப்போடு மெக்கானிக் வரும்வரை சாலையோரம்தான். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு 2025-இல் ஏ.சி. கேபினும் கட்டாயமானது.

பழசா புதுசா என்ற வாதம் டீக்கடையில் முடியாது. இரண்டு வண்டியிலும் தீராத பாக்கி ஒன்றுதான்: தூக்கம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேர ஓய்வு என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். லோடு இறக்கக் குறித்த நேரமோ வேறு கணக்குச் சொல்கிறது. "வண்டிதான் நோகாமல் போகுதே, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு" என்றால், அந்த வசதி யாருக்கு?

புது வண்டியின் சுகம் ஓட்டுநருக்கு ஓய்வாக மாறினால் முன்னேற்றம்; கூடுதல் டிரிப்பாக மாறினால் வெறும் வாடகைக் கணக்கு.