கதவை அடைத்தவர் காலதாமதம் பேசலாமா?

'தகுதி' என்னும் சொல்லை எதிர்த்து வாதாடுவது எளிதன்று. பிறப்பால் உயர்வு பேசுவோனைப் பார்த்து நகைக்கலாம்; பணத்தால் உயர்வு தேடுவோனைப் பார்த்துச் சீறலாம். ஆனால், "தகுதியுள்ளவருக்கே பதவி" என்று ஒருவர் சொன்னால், நாமும் தலையசைக்கவே வேண்டியிருக்கிறது. ஆகவேதான் பழைய அநீதிகள் பலவும் இந்தச் சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டன. "பெண்ணே, உனக்கு உயர்வு கிடையாது" என்று கோப்பில் எழுதும் துணிவு இன்று எந்த அதிகாரிக்கும் இல்லை. "போதிய தகுதி இல்லை" என்று எழுதவோ துணிவே தேவையில்லை. "வயது கடந்துவிட்டது" என்று எழுதுவது அதனினும் எளிது. பழி காலத்தின் தலையில் விழுந்துவிடும்; எழுதிய கை தூய கையாகவே இருக்கும்!

முத்தம்மாவின் கதையை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். குடகு நாட்டில் பிறந்து, சென்னையில் கற்று, 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண் அவர். நுழையும்போதே, மணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக எழுதித் தர வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டு விதி இதை இன்னும் விளக்கமாகச் சொல்லிற்று: பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், மணமான பின், குடும்பக் கடமைகள் வேலைக்கு இடையூறாகும் என்று அரசாங்கம் கருதினால், அவரை விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படியொரு விதி இல்லை. அவருக்குக் குடும்பமே கிடையாது போலும்! தந்தை, கணவன், மகன் என்று பெண்ணுக்குக் காவலர் வரிசை வகுத்த மனு, சர்க்கார் முத்திரையைக் கண்டிருந்தால் நான்காவது காவலராக அதையும் சேர்த்திருப்பார்.

ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்புக்குப் பின் உயர்நிலைப் பதவிக்கு முத்தம்மாவின் பெயர் வந்தபோது, தகுதி போதவில்லை என்று ஒதுக்கினர். அவர் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பதவி உயர்வு வந்து சேர்ந்தது! நீதிமன்றப் படியேறியதும் முளைத்துவிடுகிற தகுதி, அதுவரை எந்த மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தது? 1979-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறாகுமென்றால் ஆணின் பணிக்கும் ஆகலாமன்றோ என்ற பொருளில் கேட்டார். அவருடைய பணிமூப்பை மறுபரிசீலனை செய்யுமாறும், விதிகளில் படிந்த பாலின வேற்றுமைக் கறையைக் களையுமாறும் அரசுக்குச் சொன்னார்.

அதே நீதிமன்றம், இரண்டாண்டு கழித்து, ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. அதே விமானத்தில் பணிபுரிந்த ஆண் ஊழியருக்கு ஓய்வு வயது 58, பெண்ணுக்கு 35. முதல் கருவுற்றதும் வேலை நீக்கம் என்ற விதியை 1981-ல் நீதிமன்றம் தூக்கி எறிந்தது உண்மை. ஆயினும், ஆணும் பெண்ணும் வேறு வேறு பிரிவினர் என்று ஒப்புக்கொண்டது. பணியில் சேர்ந்து நான்காண்டுக்குள் மணம் கூடாது என்ற விதியையும் நிலைக்கவிட்டது. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லதாம்!

வெளியுறவுத் துறையில் மணம் தடையாயிற்று. விமானத்தில் வயது தடையாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் விந்தையைப் படைத்துறையில் காண்கிறோம்.

மருத்துவப் பிரிவுக்கு வெளியே, இராணுவம் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1992-ல். முதலில் ஐந்தாண்டுப் பணி; பிறகு பதினான்கு ஆண்டு வரை நீட்டிப்பு. உடன் பயின்ற ஆணுக்கு நிரந்தரப் பணிக்கு வழி உண்டு. பெரும்பாலான பிரிவுகளில் பெண்ணுக்கு அது இல்லை. நிரந்தரப் பணி இல்லையேல் உயர்பதவி ஏது, ஓய்வூதியம் ஏது? வழக்குத் தொடுத்தனர். 2010-ல் டில்லி உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் ஆணைக்குக் கீழ்ப்படியும் மனப்பக்குவம் பெறவில்லை என்றுகூட வாதாடினர். சிப்பாய்க்குப் பக்குவம் இல்லையென்றால், தண்டனை அதிகாரிக்கா? இறுதித் தீர்ப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. வென்றவர்கள் பெண்களே. ஆனால், பத்தாண்டு பறந்துவிட்டது.

இனிதான் வித்தை தொடங்குகிறது. நிரந்தரப் பணிக்கு உடல்தகுதி வேண்டும் என்றனர். நியாயந்தானே? ஆணை அந்தச் சோதனைக்கு அழைத்தது பணியின் ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ. அப்போது அவனுக்கு வயது 25 முதல் 30. பெண்ணை அழைத்தபோது நாற்பதைக் கடந்தவர் பலர். கோல் ஒன்றே, அளந்த காலம் வேறு! அன்று தேறிய ஆண், இன்று அதே அளவை எட்டாவிட்டாலும் பணியில் நீடிப்பான்; பெண்ணோ இன்று எட்டியாக வேண்டும். வேலைக் குறிப்பேடுகளின் கதையும் இதுவே. பெண்ணுக்கு நிரந்தரப் பணி கிடையாது என்றிருந்த நாளில், மேலதிகாரிகள் ஏனோதானோவென்று எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துவைத்து, அவற்றைக் கொண்டே தகுதியை எடை போட்டனர். பிந்தைய ஆண்டுகளின் சாதனைகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று கண்டது. விதியில் 'பெண்' என்ற சொல் இல்லாமலே பெண்ணை வெளியேற்றலாம் என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. அத்துடன் முடிந்ததா? 2023 நவம்பரில், கர்னல் பதவி உயர்வுக்குப் பெண்களின் குறிப்பேடுகளைக் கணக்கிட்ட முறை தவறென்று அதே நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது.

"அப்படியானால் படைக்கு உடல்தகுதியே வேண்டாமா?" என்று கேட்கும் நண்பர் உண்டு. வேண்டும், ஐயா! முப்பது வயது ஆணுக்கு எது தேவையோ, அது முப்பது வயதுப் பெண்ணுக்கும் தேவை. நாற்பத்தைந்து வயது ஆணுக்கு எது போதுமோ, அது நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் போதும். கதவை அடைத்து வைத்தவர், பதினைந்தாண்டு கழித்து அதைத் திறந்துவிட்டு, "ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாய்?" என்று கேட்பது எந்த அறத்தில் சேர்ந்தது?

அறநூல் பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகுதி என்பது ஒருவருக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று. வாய்ப்பு, பயிற்சி, காலம் ஆகியவை கூடி வளர்வது. வாய்ப்பைக் கொடுக்கும் அதிகாரமும் விளைவை அளக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை கொடுக்க மறுத்ததையெல்லாம் பெறாதவர் குறையாகக் கணக்கெழுதிவிடுகிறது. வயதும் அவ்வாறே. ஆணின் நரை அனுபவம் எனப்படுகிறது. பெண்ணின் நரை தளர்ச்சி எனப்படுகிறது. நரையில் வேற்றுமை ஏது?

இராணுவமும் வெளிநாட்டுத் தூதும் நமக்கு எட்டாத தொலைவென்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வரும்போது, அத்துடன் வெளியூர் மாற்றமும் வரக்கூடும். வீட்டில் நோயுற்ற மாமியார், தேர்வெழுதும் மகள், அடுப்படியை எட்டிப் பார்க்காத கணவர். உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறார் ஆசிரியை. "அவர்களுக்கே விருப்பமில்லை" என்று முடித்துவிடுவர் ஆசிரியர் அறையில். விருப்பம்! கால்விலங்கோடு நிற்பவர் ஓட்டப்பந்தயத்தில் விருப்பமற்றவர்தாம். சில ஆண்டுகள் கழித்து மகளுக்கு மணமாகிச் சுமை குறைந்தபின் அவர் உயர்வு கேட்டால், ஓய்வுபெறச் சில ஆண்டே உள்ளவருக்கு எதற்குப் பதவி என்று அதே அறையில் முணுமுணுப்பர்.

பதவி உயர்வை மறுத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை தொலைவுக்கு மாற்றம் வந்ததால் மறுத்தார்கள், உள்ளூரிலேயே இடம் காலியாக இருந்ததா என்ற கணக்கை அடுத்த ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்க எண்ணியிருக்கிறேன். நூற்பாலையிலோ வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ பணிபுரியும் தோழர்கள், தங்கள் சங்கங்களிலும் இக்கேள்வியை எழுப்பலாம்.