புதுப்பித்த பின்னும் அதே வண்டிதானா?

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துச் சீர்செய்யும் வேலையில் ஒரு தத்துவக் கேள்வி அடங்கியிருக்கிறது. தேய்ந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின் நிற்பது அதே வண்டியா, வேறு வண்டியா? ஒரு பொருளின் ‘அதுவாக இருக்கும் தன்மை’ எதில் தங்கியிருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ராஜ்தூத் 350. யமஹா ஆர்.டி. 350 வண்டியின் இந்திய வடிவமான இதை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர். அந்நாளைய இந்தியச் சாலையில் இதற்கு ஈடான வேகம் அரிது. பெட்ரோல் அதிகம் குடித்தது, உதிரிபாகமும் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் பல வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன.

தா.பழூர் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில், வயல்வெளியின் ஈரக்காற்று படும் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிறுத்திய வண்டி மெல்ல மெல்லச் சிதையும். டேங்கில் எஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்து கார்புரேட்டர் ஜெட்டுகளை அடைக்கும். டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வயரை எலி கடிக்கும், டயர் வெடித்துப்போகும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். அங்குள்ள ஆயில் சீல்கள் இறுகிப்போனால் காற்று உள்ளே கசிந்து, பெட்ரோல் கலவை நீர்த்து, ஓடும்போதே பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

ஆகவே வண்டியை வெளியே எடுத்தவுடன் கிக்கரை உதைப்பது பெருந்தவறு. முதலில் உள்ளபடியே படம் எடுத்து வைக்கவேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவேண்டும். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். எண்ணெய் பம்பு வேலை செய்வதை உறுதிப்படுத்தாமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதன் உட்துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். கேள்வி எழும் இடம் இதுதான்: எதைக் காப்பது, எதை மாற்றுவது?

இந்தியத் தத்துவம் இக்கேள்வியை நெடுங்காலம் முன்பே எடுத்துக்கொண்டது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்தே வாதிட்டதை ‘மிலிந்தபஞ்ஹ’ என்ற பாலி நூல் சொல்கிறது. அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல. பாகங்கள் கூடிய நிலையில் வழங்கும் பெயரே தேர் என்பது அவர் முடிவு. நியாய, வைசேடிகத் தத்துவப் பள்ளியினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகள் கூடும்போது அவற்றுக்கு வேறான ‘அவயவி’ என்ற முழுப்பொருள் உண்மையாகவே தோன்றுகிறது என்றனர். ஆனால் உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கும் என்பதும் அவர்கள் கொள்கை. மேற்கே தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் சிக்கலை இன்னும் கூர்மையாக்கினார்: பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட, தீசியஸ் என்ற கிரேக்க வீரனின் கப்பலிலிருந்து கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால், எது உண்மையான கப்பல்?

இதற்கான விடையின் ஒரு பகுதி தா.பழூர் வட்டாரத்திலேயே கல்லாக நிற்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்கள், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அக்கற்கள் அந்த அணையில் இருப்பதால் அணை கோயிலாகிவிடவில்லை. அவற்றை இழந்ததால் கோயில் கோயிலாக இல்லாமல் போகவுமில்லை. எனவே பொருளின் தன்மையை அதன் பாகங்கள் மட்டும் சுமப்பதில்லை. அமைப்பும் பயனும் அறுபடாத தொடர்ச்சியும் சேர்ந்தே அதைச் சுமக்கின்றன.

அந்தத் தொடர்ச்சி தானாக நிலைப்பதில்லை, யாராவது காக்கவேண்டும். சைவ ஆகம மரபு குடமுழுக்கை நான்காக வகுக்கிறது: புதுக்கோயிலுக்கு ஆவர்த்தம், பூசை நின்று சிதைந்ததை மீண்டும் எழுப்புகையில் அனாவர்த்தம், பழுது நீக்கியபின் புனராவர்த்தம், தீட்டு நேர்ந்தபின் அந்தரிதம். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கிப் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபடுவர். கட்டடம் கலைந்திருக்கும் நாளிலும் வழிபாடு அறுவதில்லை. மதில் கற்களை இழந்த கங்கைகொண்ட சோழபுரத்திலும் 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. ஆயுத பூசையன்று சந்தனம் பூசினாலும் வண்டி தெய்வச் சிலை ஆகிவிடாது. ஆனால் பிரித்துப்போட்டிருக்கும் காலத்திலும் முழுமையை மனத்தில் ஏந்தியிருக்கவேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சட்டமும் ஒரு நிலைப்பாடு எடுக்கிறது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித்திருத்தம், 50 ஆண்டு கடந்த வண்டிகளை வின்டேஜ் எனப் பதிவுசெய்ய வழிவகுத்தது. சேஸி, எஞ்சின் போன்றவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் பேணியிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பிஸ்டனும் டயரும் மாறலாம், முதுகெலும்பு மாறக்கூடாது என்பதே இதன் கருத்து.

இவை அனைத்தும் சேர்ந்து தரும் ஒழுங்கு தெளிவானது. காக்க முடிந்ததைக் காப்பது முதல் கடமை, பழுதுபார்ப்பது அடுத்தது, மாற்றுவது கடைசி. மாற்றியதைக் குறித்துவைப்பதும், கழற்றியதை எறியாமல் வைப்பதும் நேர்மை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிப் பூட்டியது புது வண்டி. ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, தேவைக்கேற்ப மட்டும் மாற்றி, பழைய சேஸியின் மேல் பழைய எஞ்சினை மறுபடி ஓடவைத்தால், அது அதே வண்டிதான்.