பிரசாதத்தை மறுக்கும் குழந்தை

வீட்டுக்கு வந்த குழந்தையின் கையில் இனிப்பை வைப்பது இந்நாட்டின் எந்த மாநிலத்திலும் இயல்பான செயல். வங்காளத்தில் சந்தேஷ், மகாராஷ்டிரத்தில் மோதகம், தெற்கே பாயசம். குழந்தை தயங்கினால் "ஒரு வாய் மட்டும்" என்று வற்புறுத்துவதும் அன்பாகவே கருதப்படுகிறது. பாலோ நிலக்கடலையோ முந்திரியோ கடுமையாக ஒவ்வாத குழந்தைக்கு அந்த ஒரு வாயே உயிருக்கு ஆபத்தாகலாம். அன்பினால் மட்டுமே கொடுத்தவர் அப்போது குற்றமற்றவரா என்ற கேள்வி எழுகிறது.

கடும் ஒவ்வாமை செல்லத்தால் விளைந்த பிடிவாதமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையாகக் கொண்டு போர் தொடுக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, வாந்தி, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என அது முற்றலாம். பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்ட்டியேவும் கடல்வாழ் உயிரி ஒன்றின் நஞ்சுக்கு எதிராக நாய்களுக்குக் காப்பு உண்டாக்க முயன்றனர். இரண்டாம் முறை கொடுத்த சிறு அளவே அவற்றைக் கொன்றது. 1902-இல் இந்நிலைக்கு அவர்கள் 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்னும் வீட்டுப் பெரியோர் இதை அறிதல் நலம். அத்தகைய பயிற்சி சில குழந்தைகளுக்கு உண்டு; ஆனால் அது தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் நடைபெற வேண்டியது, விருந்தில் அன்று.

அன்னம் என்ற சொல்லுக்கு உண்ணப்படுவது, உண்பது என இரு பொருள்களையும் தைத்திரீய உபநிஷதம் தருகிறது. கொடுப்பவர் முதற்பொருளை மட்டுமே நினைவில் கொள்கிறார். தக்க இடம், தக்க காலம், தக்க பாத்திரம் அறிந்து தருவதையே கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்வீக தானம் என்கிறது. பாத்திரம் என்பதற்குப் பெறுபவரின் தகுதி என்றே வழக்கமாகப் பொருள் கொள்வர். பெறுபவரின் உடல் எதைத் தாங்கும் என்பதையும் அதனுள் அடக்குவது பிழையாகாது. அறியாமல் கொடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. தாய் சொல்லிய பிறகும், "ஒன்றும் ஆகாது" என்று கொடுப்பவர் தம் திருப்தியைக் குழந்தையின் உயிருக்கு மேலாக வைக்கிறார்.

இதைவிடக் கடினமான வாதம் ஒன்று உண்டு. இறைவனுக்கு நிவேதித்தது எவ்வாறு தீங்கு செய்யும்? மறுக்கும் தாய் நம்பிக்கையற்றவளா? தன் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் எதையும் நம்பலாம். பிறர் குழந்தையின் மூச்சைப் பணயம் வைத்து இறைவனைச் சோதிப்பதற்கு பக்தி என்று பெயரில்லை. நீரிழிவு உள்ள பக்தர் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவருக்குத் தருவதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. குழந்தைக்கு ஒரு மலரோ துளசி இலையோ போதும்.

ஒரு குழந்தைக்காக நாற்பது பேர் பாயசத்தைத் துறக்க வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. தனிக் கரண்டி, கழுவிய கை, சேர்த்த பொருள்களைச் சொல்லும் பொறுமை ஆகியவை பேருதவியாகும். உறையிட்ட உணவில் பால், நிலக்கடலை, கொட்டைகள் போன்றவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் இந்திய விதிமுறைகள் கூறுகின்றன. அன்னதானப் பந்தியில் உறை கிடையாது. பரிமாறுபவரின் வாய்ச்சொல்லே அங்கு சீட்டு.

பெற்றோரின் பக்கத்திலும் ஒரு தவறு நேர்கிறது. அஞ்சி அஞ்சித் திருவிழாவுக்கும் நண்பர் வீட்டுக்கும் அனுப்பாமல் வளர்த்தால், குழந்தை உணவோடு மனிதரையும் பகையாக எண்ணத் தொடங்கும். காப்பு சிறையாகிவிடும். அச்சத்தைக் குறைப்பது ஆயத்தமே. மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி எப்போதும் உடன் இருக்க வேண்டும். தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி அதைச் செலுத்த ஆசிரியரும் பாட்டியும் கற்றிருக்க வேண்டும். அரிப்புக்குத் தரும் மாத்திரை மூச்சடைப்பை நிறுத்தாது. ஊசிக்குப் பின் குழந்தை தெளிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்புவதுண்டு.

எட்டு வயதில் அக்குழந்தை தானே, "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள், தாத்தா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ளும். பெரியவரிடம் அப்படிக் கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று பல வீடுகளில் இன்றும் கடிந்துகொள்கிறார்கள்.