படியெடுப்போர் அறம்

தேர்வறையில் 'பார்த்து எழுதாதே' என்று மாணாக்கரைக் கண்டிக்கும் ஆசிரியர்களாகிய நாமே, கையெழுத்துப் பயிற்சியின்போது 'பார்த்து எழுது' என்று பணிக்கின்றோம். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் கல்வியாகவும் அமைவது எங்ஙனம்? ஜப்பானியரின் சித்திரச் சுருள்களின் வரலாறு இவ்வினாவிற்கு நல்லதொரு விடை பகர்கின்றது.

'எமாகி' எனப்படும் இச்சுருள்கள் கதையை எழுத்தாலும் ஓவியத்தாலும் உரைப்பவை. வலப்புறமிருந்து இடப்புறமாகச் சிறிது சிறிதாக விரித்து, கண்ட பகுதியைச் சுருட்டிக்கொண்டே படித்தல் வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் கோ-ஷிரகாவாவின் ஆணையால், அரண்மனையின் ஆண்டுச் சடங்குகளும் விழாக்களும் ஏறத்தாழ 60 சுருள்களில் தீட்டப்பெற்றன. 17ஆம் நூற்றாண்டில் சுமியோஷி ஜோகெய் என்னும் ஓவியர் அவற்றைப் பார்த்துப் படியெடுத்தார். மூலச் சுருள்கள் பின்னர்த் தீக்கு இரையாயின. ஜோகெய் வழிவந்த 16 சுருள்கள் எஞ்சியுள்ளன; சிலவற்றில் வண்ணம் உண்டு, சிலவற்றில் மைக்கோடுகள் மட்டுமே. 'படி ஒருநாளும் மூலமாகாது' என்று அவர் தூரிகையைக் கீழே வைத்திருப்பின், விழாக் காணத் திரண்ட அக்கால எளிய மக்களின் முகங்களை இன்று யார் அறிவார்?

படியெடுத்தல் எளிய பணியன்று. மெல்லிய தாளை மூலத்தின்மேல் இட்டு, அதனை மீண்டும் மீண்டும் சுருட்டி உயர்த்தி, அடியிலுள்ள கோட்டைக் கண்ணில் பதித்து, அப்பதிவு மறையுமுன் வரைவது ஒரு முறை. தன் விருப்பம் கையை இழுக்காதவாறு அடக்குதலே அங்குப் பெரும்பயிற்சி.

மூலத்தில் பூச்சி அரித்த துளை இருப்பின் யாது செய்வது? துளையையும் கறையையும் உள்ளவாறே வரைவது ஒரு நெறி. தொடக்கத்தில் இருந்த தோற்றத்தை ஆராய்ந்து மீட்டு வரைவது மற்றொரு நெறி. 12ஆம் நூற்றாண்டின் கெஞ்சிக் கதைச் சுருள்களுக்கு, வண்ணப் பொருள்களை அறிவியல் முறையில் ஆராய்ந்து, 1999 முதல் 2005 வரை இவ்வாறு புதுப்படிகள் வரையப்பெற்றன. இரண்டும் நேர்மையே, தாம் செய்தது இன்னதென்று இரண்டும் வெளிப்படக் கூறுகின்றன. துளையை ஊகத்தால் அடைத்துவிட்டு, 'இதுவே மூலம்' என்பதுதான் பொய்.

எனவே குற்றம் பார்த்து எழுதுவதில் இல்லை. பார்த்ததை மறைப்பதில் உள்ளது. தேர்வறை மாணாக்கன் பிறர் அறிவைத் தன்னுடையது என்கின்றான். நற்படியெடுப்போனோ தன் உழைப்பைப் பிறர் படைப்பின் வாழ்வுக்கு ஈகின்றான். முன்னோர் சொல்லையும் செயலையும் இளையோர்க்கு எடுத்துரைக்கும் நாம் அனைவரும் ஒருவகையில் படியெடுப்போரே. அறிந்ததைத் திரியாமல் தருவோம். அறியாத இடத்தை வெற்றிடமாகவே விடுவோம்.