அறிதலும் பழகுதலும்

மது தீயது என்று பள்ளியில் கற்பித்துவிட்டால், மாணவர் குடியாதிருப்பாரா? எளிய கேள்விபோலத் தோன்றினும் இதன் வேர் ஆழமானது. நன்மையை உண்மையாக அறிந்தவன் தீமையை நாடான் என்பது சாக்ரட்டீசின் கொள்கை. அறிவு மட்டும் போதாது. நற்பண்பு பயிற்சியால் படிப்படியாக உருவாவது என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமா அக்குவினாவும் நற்பண்பை மனிதனில் நிலைபெற்ற நல்ல பழக்கமாகவே கண்டார்.

இவ்வழக்கில் நம் காலத்துப் பள்ளிகளே சாட்சி சொல்கின்றன. 1983-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'டேர்' என்னும் திட்டம் தொடங்கியது. காவல்துறையினரே வகுப்பறைக்கு வந்து மதுவின் தீமையையும் போதைப்பொருள்களின் தீமையையும் எடுத்துரைத்தனர். திட்டம் நாடெங்கும் பரவியது. ஆயினும், அப்பாடம் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் இடையே குடிப்பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே 1990-களின் ஆய்வுகள் காட்டின. பின்னாளில் அதன் பாடத்திட்டமே மாற்றப்பட்டது.

அப்படியாயின் பள்ளியின் முயற்சி வீணா? அன்று. தோழர் வற்புறுத்தும்போது மறுக்கவும், சினத்தையும் கவலையையும் அடக்கியாளவும் மாணவரைச் செய்து பழகவைக்கும் திட்டங்கள், வெறும் எச்சரிக்கையைவிட நற்பயன் தந்துள்ளன. பழகியதே துணை நிற்கிறது.

ஐஸ்லாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1998-இல் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய மாதத்தில் குடிபோதையுற்றதாகக் கூறினர். 2016-இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. பள்ளிகளில் கருத்தறிந்து, அதன் முடிவை அந்தந்த ஊர்ப் பெற்றோரின் முன் வைத்தனர். பெற்றோர் கூடி உடன்படிக்கை செய்தனர். பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டினர். இரவில் சிறார் வெளியே திரிவதைத் தடுத்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் செலவாயிற்று. அங்கே திருந்தியவர் பிள்ளைகள் மட்டுமல்லர். பெரியோர் தம் வாழ்வை முதலில் ஒழுங்கு செய்தனர்.

நம் நிலை என்ன? கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். தமிழகத்தில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனமே. அரசைக் குறைகூறுவது எளிது. ஆனால் திருமுழுக்கு விருந்திலும் புதுநன்மை விருந்திலும் வீட்டின் பின்கட்டில் புட்டி திறக்கப்படுவதை எந்த அரசு கட்டளையிட்டது? தந்தைக்குச் சோடா வாங்கிவர அனுப்பப்படும் சிறுவன் அன்று கற்கும் பாடத்தை எந்த ஆசிரியர் அழிக்க இயலும்?

நாம் சுமக்க மறுக்கும் கட்டுப்பாட்டைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன்மேல் சுமத்துவது நீதியன்று. ஒழுக்கத்தைக் கேட்க விரும்புவோர் அதை முதலில் காட்டக் கடமைப்பட்டவர்கள். ஆகவே ஒரு பங்கின் பெற்றோர் ஒன்றுகூடி, இனி நம் இல்ல விருந்துகளில் மதுவுக்கு இடமில்லை என்று முடிவு செய்வார்களாக. பள்ளியில் பிள்ளை கேட்கும் பாடம் அப்போது வீட்டிலும் தொடரும்.